படிக்க விடாத நகல்

ரெண்டு பேரும் ஒரே ஆபீஸா? உங்க மகளும், பாத்து வெச்சிருக்கிற மாப்பிள்ளையுமா? அண்ணாச்சி, நான் யாரோ, நீங்க யாரோ. பஸ்ல பக்கத்துல உக்காந்ததுக்காக நாலு வார்த்தை பேசிக்கிட்டு வாரோம். தப்பா எடுத்துக்காதிய. ஆனா காதுல விழுந்த பிறகு சொல்லாம இருந்தா எனக்கு மனசு கேக்காது. புருஷன் பொண்டாட்டி ஒரே ஆபீஸ்ல இருக்கக்கூடாது. நான் இருக்கேன். அதனாலதான் சொல்லுதேன்.

சேச்சே, அப்படி இல்ல. வடிவு தங்கமானவ. சண்முகவடிவுன்னு பேரு, நான் வடிவும்பேன். குறை சொல்றதுக்கு ஒண்ணும் கிடையாது. சமையல், பையன் படிப்பு, எங்க அம்மாவுக்கு மாத்திரை, எல்லாம் நேரத்துக்கு நடக்கும். ஆபீஸ்ல மட்டும்தான் அவளுக்குக் கொஞ்சம் அனுபவம் போதாது.

திருநெல்வேலியில ஒரு ஆஸ்பத்திரி. பேரு எதுக்கு, வேண்டாம். நான் அங்க டேட்டாபேஸ் பாக்கேன். அதாவது ஆஸ்பத்திரிக்கு வார ஆளோட பேரு, வயசு, ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் ஒரு மிஷினுக்குள்ள இருக்குல்லா, அந்த மிஷினுக்கு நான்தான் பொறுப்பு. வடிவு சாஃப்ட்வேர் பக்கம். டாக்டர் கம்ப்யூட்டர்ல ஒரு பேரைத் தட்டினா ரிப்போர்ட் வந்து நிக்கும் பாருங்க, அதை எழுதுறவ அவ. அவ எழுதினது எங்கிட்ட வந்து கேக்கும், நான் குடுப்பேன். வீட்ல எப்படியோ, ஆபீஸ்ல அவ கேக்கணும், நான் குடுக்கணும். அதுதான் ஏற்பாடு.

போன மழைக்கு ஊரு பூராக் காய்ச்சல். உங்க பக்கமும் இருந்துச்சா? எங்க ஆஸ்பத்திரியில பதிவு பண்ணுற வரிசை வாசல் தாண்டி ரோட்டுக்கே வந்துட்டு. கவுன்டர்ல பேரைப் போட்டா மிஷின் யோசிக்கி, யோசிக்கி, யோசிச்சுக்கிட்டே இருக்கு. ஏன்னா மாடியில இருக்கிற டாக்டர்மாரு, நர்ஸுமாரு எல்லாரும் அதே மிஷின்ல ரிப்போர்ட்டைப் படிச்சுக்கிட்டிருக்காவ. எழுதுறவனும் படிக்கிறவனும் ஒரே வாசல்ல முட்டிக்கிட்டு நின்னா என்ன ஆகும்?

அப்பத்தான் நான் ஒரு யோசனை சொன்னேன். நான்தான் சொன்னேன், வடிவு சொன்னதா ஆபீஸ்ல சிலபேரு சொல்லுவாவ, நம்பாதிய. அவ வீட்ல சாப்பிடும்போது சொன்னா, சபாபதி சார்கிட்ட போய்ச் சொன்னது நான். சபாபதி சார்னா எங்க மேனேஜரு. யோசனை என்னன்னா, மெயின் மிஷினுக்கு ஒரு நகல் வைக்கிறது. ரெப்ளிகாம்போம். மெயின்ல என்ன எழுதினாலும் அடுத்த நொடி நகல்லயும் வந்துரும். நகல்ல யாரும் எழுத முடியாது, படிக்கலாம். கவுன்டர்காரங்க மெயின்ல எழுதட்டும், டாக்டர்மாரு நகல்ல படிக்கட்டும். யாரும் யாரையும் இடிக்க வேண்டாம்.

சார் சந்தோஷப்பட்டுட்டாரு. புது மிஷின் வந்துச்சு, நானே கிட்ட நின்னு நிறுவினேன். திறக்கிற அன்னைக்கு எல்லாரும் சுத்தி நிக்காவ. வடிவு தன்னோட சாஃப்ட்வேரை நகலுக்குத் திருப்பிவிட்டா. ஒரு பேரைத் தட்டினா. முடியாதுன்னுட்டு.

நகல் முடியாதுன்னுட்டு அண்ணாச்சி! படிக்கிறதுக்குன்னே வாங்கி வெச்ச மிஷின், படிக்க வந்தவளை உள்ள விட மாட்டேங்குது.

நான் போய்ப் பாத்தேன். பாத்த உடனே தெரிஞ்சு போச்சு. நகலுக்குள்ள வார சாஃப்ட்வேரு, 'நான் படிக்க மட்டும்தான் வாரேன்'னு வாசல்லயே ஒரு வார்த்தை சொல்லணும். வடிவு எழுதின வரியில அந்த வார்த்தை இல்ல. அவ தப்புதானே? நான் சும்மா சிரிச்சுக்கிட்டே, "சார், வீட்லயும் இப்படித்தான். கேக்காம கொள்ளாம உள்ள வந்து என் அலமாரியைக் குடைவா"ன்னேன். எல்லாரும் சிரிச்சுட்டாவ. சாரும் சிரிச்சாரு. வடிவு மட்டும் சிரிக்கல.

ஒரு தமாஷுக்குக் கோவிச்சுக்கலாமா? சொல்லுங்க.

அவ உடனே அந்த வார்த்தையைச் சேத்துட்டா. அதுல அவ கெட்டி. மறுபடி தட்டினா. இப்பவும் திறக்கல. "உன் பக்கம் இன்னும் ஏதோ இருக்கு, பாரு"ன்னேன்.

"எம்பக்கம் இருந்ததைச் சரி பண்ணிட்டேன். இனிமே உங்க பக்கம் பாருங்க"ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. எல்லாரும் பாக்க!

சரி, பாக்கமாட்டேன்னு சொல்ல முடியுமா, பாத்தேன். நகல்ல ஒரு செட்டிங் இருக்கு, வெளியாளு படிக்கலாமா கூடாதான்னு. அது 'கூடாது'ல கிடந்துச்சு. அது வரும்போதே அப்படித்தான் வரும் அண்ணாச்சி, நிறுவுறவன் மாத்தணும். நிறுவினது நான்தான், இல்லங்கல. ஆனா ஒரு சின்ன செட்டிங், அதுக்குப் போய் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டிக்கிட்டா இருக்க முடியும்? மாத்திட்டுப் பேசாம வந்துட்டேன்.

மாத்தினதுக்கு அப்புறம் முடியாதுன்னு சொல்லுறதை நிப்பாட்டிட்டு. அதுக்குப் பதிலா வேற ஒண்ணு ஆரம்பிச்சுது. உள்ள வாரேன்னு கேட்டா, இருன்னுது. நின்னு, நின்னு, கால் கடுத்துப் போற அளவுக்கு நிக்க வெச்சுட்டு, நேரமாச்சு போ போன்னு விரட்டி விட்டுருது. இது முந்தினதை விட மோசம்.

அந்த வாரம் முழுக்க நான் பட்டபாடு இருக்கே. நகல் மிஷினை அணைச்சுப் போட்டேன். வயரை மாத்தினேன். ஏசி பத்தலையோன்னு இன்னொரு ஃபேன் கொண்டாந்து வெச்சேன். வடிவு என்ன செஞ்சாங்கிய? மெயில் போட்டா. பக்கத்து ரூம்ல இருந்துக்கிட்டு, கட்டின புருஷனுக்கு, சாருக்கும் ஒரு காப்பி போட்டு, 'மதிப்பிற்குரிய திரு. திரவியம் அவர்களுக்கு'ன்னு மெயில். 'எங்கள் இணைப்பு சரியாக உள்ளது. தங்கள் தரப்பில் விரைந்து ஆவன செய்யவும்.' நானும் விடல. 'மதிப்பிற்குரிய திருமதி சண்முகவடிவு அவர்களுக்கு'ன்னு பதில் போட்டேன். சாயங்காலம் ரெண்டு பேரும் ஒரே ஸ்கூட்டர்ல வீட்டுக்குப் போவோம். ஒரு பேச்சுக் கிடையாது. நடுவுல அவ ஹேண்ட்பேக்கை வெச்சுக்கிடுவா.

வீட்ல தினமும் உப்புமா. கேட்டா, "ஆபீஸ் வேலை ஜாஸ்தி"ன்னா. யாருகிட்ட? பையன்கிட்ட. எங்கிட்ட இல்ல.

இதுக்கு நடுவுல கவுன்டர்ல இருக்கிற பேச்சியம்மா வேற. பவுன்ராஜ்னு ஒரு பெரியவரு, அவர் பேரைப் பவுல்ராஜ்னு யாரோ அடிச்சு வெச்சுட்டாவ. இன்சூரன்ஸ்காரன் பேரு பொருந்தலைன்னு திருப்பிவிட்டுட்டான். பேச்சியம்மா எங்கிட்ட மாத்தச் சொல்லியிருந்தா. நகல் திறக்கிற அன்னைக்குக் காலையிலேயே நான் மாத்திட்டேன். மாத்தி, சரியா இருக்கான்னு பாத்து, பவுன்ராஜ்னு என் கண்ணால படிச்சுட்டுத்தான், சார் கூப்பிடுதாருன்னு எந்திரிச்சுப் போனேன். ஆனா அந்தம்மா தினமும் வந்து நிக்கா. "சார், இன்னும் பவுல்ராஜாத்தான் இருக்கு." "மாத்திட்டேன்மா." "மாறல சார்." நான் என் கம்ப்யூட்டரைத் திறந்து காட்டுனேன். "இந்தா, என்ன எழுதியிருக்கு? பவுன்ராஜ். கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாருங்க"ன்னேன். அவ தன்னோட கம்ப்யூட்டருக்கு என்னை இழுத்துக்கிட்டுப் போனா. அங்க பவுல்ராஜ். ரெண்டு மிஷின்ல ரெண்டு பேரு! நீங்களே பாருங்க, அந்தக் கவுன்டர் கம்ப்யூட்டரு எவ்வளவு பழசுன்னு. புதுசு வாங்கிக் குடுக்கச் சொல்லி சார்கிட்ட சொன்னேன்.

இப்படி இருக்கையில ஒருநாளு டாக்டர் ரோசலின் இறங்கி வந்தாவ. காய்ச்சல் வார்டு பாக்கிறவங்க. சத்தம் போட்டுப் பேசி நான் பாத்ததே இல்ல. அன்னைக்கு மூச்சு வாங்கிக்கிட்டு எங்க ரூம் வாசல்ல வந்து நின்னாவ. ஒரு சின்னப் பொண்ணு, ரத்தத்துல தட்டணு குறைஞ்சுக்கிட்டே போகுது. லேப்ல ரிப்போர்ட் எழுதியாச்சு, மேல கம்ப்யூட்டர்ல வந்து சேரல. நகல் திறக்காததால எல்லாரும் பழையபடி மெயின்லயே படிக்க, மெயின் மிஷின் திணறிக்கிட்டு நிக்குது. டாக்டரே மாடிப்படி இறங்கி ஓடி, லேப்ல போய்க் கண்ணால பாத்துட்டு, மறுபடி ஏறி ஓடி ரத்தம் ஏத்தியிருக்காவ. பொண்ணு பிழைச்சுட்டு, ஒண்ணும் ஆகல.

"உங்க ரெண்டு பேர் மெயிலும் எனக்கு வருது"ன்னாவ. "சார் எனக்கும் அனுப்பி வைக்காரு. மதிப்பிற்குரிய, மதிப்பிற்குரியன்னு. யாரு பக்கம் தப்புன்னு எனக்குத் தெரிய வேண்டாம். எனக்கு ரிப்போர்ட் வேணும். அடுத்த பிள்ளைக்கு நான் ஓடுற வேகம் பத்தலைன்னா என்ன செய்வீங்க?"

நான் விளக்கமா சொல்ல ஆரம்பிச்சேன், இந்த மாதிரி டாக்டர், சாஃப்ட்வேர் பக்கம்னு. வடிவு என்னைப் பாத்தா. அந்தப் பார்வை எனக்குத் தெரியும், நிறுத்திட்டேன்.

அதோட அவ மெயில் போடுறதை விட்டுட்டா. பதிலுக்கு நான் போட்ட மெயிலுக்கும் மறுமொழி இல்ல. உக்காந்து என்னத்தையோ படிச்சுக்கிட்டே இருந்தா, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட எந்திரிக்கல. டிபன் பாக்ஸை நானே கொண்டுபோய் அவ மேசையில வெச்சேன், மூடியைத் திறந்து. பேசல, வெச்சுட்டு வந்துட்டேன். நமக்கும் மனசு இருக்குல்லா.

சாயங்காலம் ஸ்கூட்டர்ல, ஹேண்ட்பேக்கை நடுவுல இருந்து எடுத்துட்டு, மெதுவாக் கேக்கா: "ஏங்க, மெயின் மிஷின்ல யாராவது ஒரு திருத்தத்தை ஆரம்பிச்சு, முடிக்காம விட்டுருந்தா, நகல் படிக்க விடாதாம். அது முடியுற வரைக்கும் எல்லாரையும் நிக்க வெச்சிருமாம். அப்படி ஏதாவது இருக்குமா?"

நான் சிரிச்சேன். "எனக்கே பாடமா?"ன்னேன். விஷயம் உண்மைதான் அண்ணாச்சி, இல்லங்கல. ஒரு திருத்தம் போட்டா கடைசில 'சரி, முடிச்சாச்சு'ன்னு ஒரு வார்த்தை சொல்லணும். இல்லன்னா 'வேண்டாம்'னு சொல்லணும். ரெண்டையும் சொல்லாம எந்திரிச்சுப் போயிட்டா, அது அந்தரத்துல தொங்கும். போட்டவன் கண்ணுக்கு மட்டும் மாறின மாதிரி தெரியும், ஊருக்கு மாறியிருக்காது. இது டேட்டாபேஸ் படிக்கிறவனுக்கு முதல் பாடம். அதை நான் அவளுக்கு வீடு வரைக்கும் விளக்கமா எடுத்துச் சொன்னேன். "அந்த மாதிரி கவனக்குறைவா வேலை செய்யிறவன் எங்க டிபார்ட்மென்ட்ல யாரும் கிடையாது"ன்னும் சொன்னேன். எங்க டிபார்ட்மென்ட்ல நான் ஒருத்தன்தான்.

"உங்க கம்ப்யூட்டர்ல ஒரு தடவை பாத்துருங்களேன்"ன்னா.

எனக்கு வந்துச்சே கோவம். இத்தனை வருஷ சர்வீஸ், என்னைப் பாத்து! "வடிவு, நீ சாஃப்ட்வேர் பக்கம். டேட்டாபேஸை எங்கிட்ட விடு"ன்னேன். அவ ஹேண்ட்பேக்கை மறுபடி நடுவுல வெச்சுக்கிட்டா.

மறுநாள் காலையில போனா, சபாபதி சார் ரூம்ல ஒரு தம்பி உக்காந்திருக்கான். சட்டையை இன் பண்ணிக்கிட்டு, கழுத்துல அடையாள அட்டை தொங்க. வெளி கம்பெனியாம். சார் என்னையும் வடிவையும் கூப்பிட்டு நிக்க வெச்சுச் சொல்லுதாரு: "திரவியம், எனக்கு வருத்தமாத்தான் இருக்கு. நேத்து டாக்டர் பேசினதுக்கு அப்புறம் என்னால பொறுத்துக்கிட்டு இருக்க முடியாது. இவங்க வந்து பாக்கட்டும். கோளாறு எங்க இருக்குன்னு இன்னைக்கே தெரிஞ்சாகணும். யாரு தப்புன்னு எழுதிக் குடுக்கச் சொல்லியிருக்கேன். இனிமே டேட்டாபேஸை இவங்களே பாத்துக்கிடலாமான்னும் நிர்வாகம் யோசிக்குது."

வேலை போச்சுன்னே நினைச்சேன் அண்ணாச்சி. பொய் சொல்லல. இந்த வயசுல வேற எங்க போய் நிக்கிறது? வடிவைப் பாத்தேன். அவ என்னைப் பாக்கல. தன்னோட லேப்டாப்பைப் பாத்துக்கிட்டு இருந்தா. மெயின் மிஷின்ல யாரு யாரு என்ன திறந்து வெச்சிருக்காவங்கிற விவரத்தை அதுல வரவழைச்சு வெச்சிருந்தா போல. பாத்துட்டு, லேப்டாப்பைச் சட்டுன்னு மூடினா.

மூடிட்டுச் சிரிச்ச முகமாத் திரும்பி, "ஏங்க"ன்னா. "சாரும் அந்தத் தம்பியும் வெறும் வயித்துல வந்திருப்பாவ. கேன்டீனுக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு காபி வாங்கிக் குடுங்களேன். வந்த பிறகு பாக்கலாம்."

ஆபீஸ்ல, எல்லாரும் பாக்க, 'ஏங்க'! மதிப்பிற்குரிய திரு. திரவியம் போயி 'ஏங்க' வந்துட்டு. இப்படி ஒரு இக்கட்டுல புருஷனுக்கு ஒரு மரியாதை வாங்கிக் குடுக்கணும்னு அவளுக்குத் தோணிச்சு பாருங்க. எனக்குக் கண்ணே கலங்கிட்டு. ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போனேன். காபி, கூட உளுந்தவடை. அந்தத் தம்பிகிட்ட நம்ம அனுபவத்தை எல்லாம் எடுத்துச் சொன்னேன். அவன் ஒரு கேள்விதான் கேட்டான்: "சார், முடிக்காம விட்ட திருத்தம் ஏதாவது இருக்கான்னு பாத்தீங்களா?" நான் சொன்னேன், "தம்பி, அதை என் வீட்டுக்காரியே நேத்துக் கேட்டுட்டா. அதெல்லாம் இல்ல."

திரும்பி வந்தோம். வடிவு தன் சீட்ல உக்காந்திருக்கா. நகல் திறந்துட்டு!

ஆமா அண்ணாச்சி, திறந்துட்டு. ஒரு பேரைத் தட்டினா, தட்டின கை எடுக்கும் முன்னால ரிப்போர்ட் வந்து நிக்குது. இன்னொண்ணு தட்டினா, இன்னொண்ணு. மாடியில இருந்து டாக்டர் ரோசலின் போன் பண்ணுதாவ: "வடிவு, என்ன பண்ணினீங்க? மழை மாதிரி வந்து விழுது!" கீழ கவுன்டர்ல வரிசை நகர ஆரம்பிச்சுட்டு. பேச்சியம்மா ஓடி வந்து, பவுன்ராஜ் பேரும் மாறிட்டுங்கா. எல்லாம் ஒரே நேரத்துல சரியாச்சு. மிஷினுக்கும் நல்ல நேரம் கெட்ட நேரம் உண்டு போல.

சார் கேக்காரு, "என்னம்மா கோளாறு? யாரு பக்கம்?"

வடிவு என்னை ஒரு தடவை பாத்தா. பாத்துட்டு சார்கிட்ட சொன்னா: "எங்க பக்கம்தான் சார். ஒண்ணு மூடாம கிடந்துச்சு. மூடிட்டேன்."

கேட்டியளா? 'எங்க பக்கம்'! சாஃப்ட்வேர் பக்கம்னு அவ வாயாலேயே, சாருக்கு முன்னால, வெளி ஆளுக்கு முன்னால! ஒரு வாரமா நான் தொண்டை கிழியக் கத்தினது அதைத்தானே? அந்தத் தம்பி என்னைப் பாத்தான், அவளைப் பாத்தான், குனிஞ்சு தன் செருப்பைப் பாத்துக்கிட்டு உதட்டைக் கடிச்சான். என்னத்துக்குன்னு தெரியல. சாரும் ஒரு நிமிஷம் எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தாரு. அப்புறம், "சரிம்மா. இனிமே மூடாம விட வேண்டாம்"னாரு. அதையும் என்னைப் பாத்துச் சொன்னாரு. அவரு பழக்கம் அது, யாருக்குச் சொன்னாலும் என்னைப் பாத்துத்தான் சொல்லுவாரு. தம்பிக்குக் கை குடுத்து அனுப்பி வெச்சுட்டாரு.

நான் என் சீட்டுக்கு வந்தேன். யாரோ உக்காந்து எந்திரிச்ச மாதிரி சேர் உயரம் குறைஞ்சு கிடக்கு. வடிவுதான், அவ குட்டை. ஜன்னல் பக்கத்து சீட்டுல்லா, டென்ஷன்ல காத்து வாங்க வந்திருப்பா. கம்ப்யூட்டரும் திறந்திருந்துச்சு. பூட்டித்தான் வெச்சிருந்தேன், ஆனா பாஸ்வேர்டு அவ பேருதானே. சிரிக்காதிய. திரையில நாளுக்கணக்காத் திறந்து கிடந்ததை எல்லாம் ஒண்ணு விடாம மூடி, துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. சுத்தத்துல அவளை அடிச்சுக்க ஆள் கிடையாது.

சாயங்காலம் வீட்டுக்குப் போறோம். ஹேண்ட்பேக் இப்போ அவ தோள்ல. எனக்கு அவளை நினைச்சாப் பாவமாப் போச்சு. அத்தனை பேருக்கு முன்னால தன் தப்பை ஒத்துக்கிடுறதுன்னா சும்மாவா? நான்னா செய்வேனா? வண்ணாரப்பேட்டை சிக்னல் பக்கம் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினேன். திரும்பாமலேயே சொன்னேன்: "வடிவு, மனசுல ஒண்ணும் வெச்சுக்கிடாத. தப்பு யாருக்குத்தான் வராது? நான் அப்பவே மறந்துட்டேன்."

கொஞ்ச நேரத்துல பாத்தா, என் முதுகுல நெத்தியை வெச்சுக்கிட்டுக் குலுங்குதா. அழுதாளோன்னு நினைச்சுப் பதறிப் போயிட்டேன். திரும்பிப் பாத்தா, அழல அண்ணாச்சி, சிரிக்கா! கண்ணுல தண்ணி வர, மூச்சு முட்ட, வாயைச் சேலைத் தலைப்பால பொத்திக்கிட்டுச் சிரிக்கா. பக்கத்துல நின்ன ஆட்டோக்காரன் கூட எட்டிப் பாத்தான். "என்னடி?"ன்னேன். "ஒண்ணுமில்ல, நீங்க வண்டியை எடுங்க"ன்னா. எடுத்தேன். வீடு வரைக்கும் சிரிச்சா. ரெண்டு கையாலயும் என் இடுப்பைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, ஸ்கூட்டரே ஆடுற மாதிரி சிரிச்சா.

நம்மளை ஒருத்தரு மன்னிச்சுட்டாருன்னா மனசுக்கு எவ்வளவு நிம்மதியா இருக்கு பாத்தியளா?